ஏட்டு உயிரோடு வந்த ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரருக்கு வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. பைத்தியம், பழைய டி.வி. தொடர்கள். காலையில் கிரீஸ் படிந்த சட்டையோடு கிளம்புகிறவர் மாலையில் வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர்கூட இவ்வளவு தேய்க்க மாட்டார். பிறகு ஹாலில் சுவர் நீளத்துக்கு நிற்கிற அலமாரியின் முன்னால் போய் நின்று, இன்றைக்கு எதை எடுக்கலாம் என்று யோசிப்பார். அந்த நேரத்தில் வீடு தீப்பிடித்தாலும் நான்தான் அணைக்க வேண்டும்.

அலமாரி முழுக்க டிவிடி பெட்டிகள். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது வந்த தொடர்கள், நாங்கள் பிறப்பதற்கு முன்பே வந்து முடிந்த தொடர்கள், துப்பறிகிறவர்கள், டாக்டர்கள், ஒரே வீட்டுக்குள் ஓயாமல் சண்டை போட்டு நம்மைச் சிரிக்கவைக்கிற குடும்பங்கள். "இப்பதான் எல்லாம் போன்லயே வருதே, எதுக்குங்க இது?" என்று விருந்தாளி யாராவது கேட்டால் போதும், இவர் முகம் சுண்டிவிடும். "போன்ல இன்னைக்கு இருக்கும், நாளைக்குத் தூக்கிடுவான். என் அலமாரியிலேருந்து எவன் தூக்குவான், சொல்லுங்க" என்பார். தூக்கினால் நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

டிஸ்க்கைத் தொடுவதற்கு அவர் வீட்டில் சட்டமே போட்டிருக்கிறார். ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். துடைத்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழுந்து குடி முழுகிவிடும். துடைக்கிற துணி மட்டும் என்னுடையது. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடையில் கொடுக்கிற மெல்லிய துணிகள் என் கைப்பையிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கேட்டால், "துணியா? எந்தத் துணி?" என்பார், பச்சைப் பிள்ளை மாதிரி.

இந்த அலமாரியில் ஒரு துறைமுகக் காவல் நிலையத் தொடருக்கு மட்டும் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒரே படம், ஒரே எழுத்து. மறந்துபோய் இரண்டாவது முறை வாங்கிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லையாம். முதன்முதலில் வந்த பெட்டிகளில் நாலாவது டிஸ்க்குக்கும் ஐந்தாவது டிஸ்க்குக்கும் லேபிள் மாறி அச்சாகிவிட்டதாம். நாலு என்று போட்டிருப்பதில் ஐந்தின் கதைகள் ஓடும், ஐந்து என்று போட்டிருப்பதில் நாலின் கதைகள் ஓடும். கம்பெனி அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு சரியானதைக் கொடுத்ததாம். திரும்பப் போகாமல் தப்பித்த ஒன்றிரண்டு பெட்டிகளுக்காகச் சேகரிக்கிறவர்கள் நாயாக அலைகிறார்கள். சரியான பெட்டி பார்ப்பதற்கு. தப்பான பெட்டி பெருமைக்கு. அதற்கு ஒரு கண்ணாடிக் காகித உறை வேறு போட்டு மேல்தட்டில் வைத்திருந்தார். என் கடையில் வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்தால் வாங்கினவர் சண்டைக்கு வருவார். இவர்கள் உலகத்தில் அதற்குத்தான் மவுசு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். என்னால் சிரிக்க முடியாமல் இருந்தது என் அண்ணனுடைய விஷயத்தில்தான்.

எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி தாமதமானால் டிரைவரைக் கூண்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற குணம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. அவர் குடியிருக்கிற அடுக்குமாடியில் அவரையே சங்கச் செயலாளராக ஆக்கிவிட்டார்கள். வீடு ஐந்தாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பராமரிக்கிறது இவர் வேலை செய்கிற கம்பெனி. "என் மாப்பிள்ளை கை வெச்ச லிஃப்ட், சும்மாவா" என்று அண்ணன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. மாப்ளே, மாப்ளே என்று வாய் ஓயாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இவர் அந்த லிஃப்ட்டைப் பார்க்கப் போனவர், திடீரென்று மின்சாரத்தை நிறுத்தி, கதவைப் பூட்டி, 'உபயோகிக்கக் கூடாது' என்று அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்துவிட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையில் வேலையிலிருந்து திரும்பினவர்கள் எல்லாரும் செயலாளரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். 'உங்க வீட்டு மாப்பிள்ளைதானே, உங்களுக்கே தெரியாதா' என்று ஒருவர் கேட்டுவிட்டார். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அந்த நேரம் மறுபடி வந்த இவரைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், "இனிமே என் வாசல்ல கால் வைக்காதே. நீ தொட்ட லிஃப்ட்ல நான் ஏறமாட்டேன், இது சத்தியம்" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

கம்பெனியிலிருந்து வேறு ஆட்கள் வந்து இரும்புக் கயிறு மாற்றினார்கள், லிஃப்ட் ஓடியது, எல்லாரும் ஏறினார்கள். அண்ணன் மட்டும் ஏறவில்லை. காய்கறிப் பையோடு ஐந்து மாடியும் படியில்தான். அண்ணி லிஃப்ட்டில் போய் மேலே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். இவர் பெயரை எடுத்தால் அண்ணன் எழுந்து போய்விடுவார்; அண்ணன் பெயரை எடுத்தால் இவர் டிஸ்க் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம் அண்ணி, மகளின் பிரசவத்துக்காக அவள் வீட்டுக்கு வெளியூர் போனார். அண்ணன் தனி ஆள். அந்தச் சமயத்தில்தான் நெஞ்சு அடைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போக, டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, மாடிப்படி ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அண்ணன் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். படியையும் ஒழுங்காக ஏறினார்.

அண்ணி எனக்குப் போன் செய்து அழுதார். "சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போன் பண்றாரு. அஞ்சு நிமிஷத்துக்கு மூச்சுச் சத்தம்தான் கேக்குது, பேச்சு வரல. லிஃப்ட்ல போங்களேன்னா போனை வெச்சுடறாரு. நீயாவது சொல்லேன்மா."

சொன்னேன். "அத்தனை பேர் முன்னால சொன்ன வார்த்தை. எப்படி மீறறது?" என்றார் அண்ணன். எங்கள் வீடு தரைத்தளம்தானே, வந்து தங்குங்கள் என்றேன். "யார் வீட்ல?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வர ஒப்புக்கொள்ளவைத்தேன்.

இவரிடமும் சொன்னேன். "நீங்க ஒரு வார்த்தை பேசினா இறங்கி வந்துடுவாருங்க."

"வாசல்ல கால் வைக்காதேன்னது நானா அவரா?"

"அவர் மூச்சைப் பாத்தீங்களா?"

இவர் ஒரு டிஸ்க்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். வேலையிடத்தில் இவருக்குக் 'காது' என்றுதான் பெயர். லிஃப்ட் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். இத்தனை நல்ல காதுக்கு நான் கதறுவது மட்டும் எப்படி விழாமல் போகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இரண்டு பேரும் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இதைவிட அதிகமாகப் பேசியிருப்பார்கள். சாப்பிட்டு முடித்தும் பேச்சு இல்லை. இவருக்கே தாங்கவில்லை போலிருக்கிறது, எழுந்து போய் அந்தத் துறைமுகத் தொடரை எடுத்து முதல் டிஸ்க்கைப் போட்டார்.

ஒரு இன்ஸ்பெக்டர், அவருக்கு உதவியாக வயதான மீசைக்கார ஏட்டு ஒருவர். வாரம் ஒரு குற்றம், வாரம் ஒரு கதை. ஏட்டு எப்போது பார்த்தாலும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் கவனிக்காத ஒன்றைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார். அண்ணனுக்கு அந்த ஏட்டை ரொம்பப் பிடித்துவிட்டது. கிளம்பும்போது என்னிடம், "அடுத்த வாரமும் இருக்கான்னு கேளு" என்றார். கேட்க வேண்டியவர் இரண்டு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"இருக்குன்னு சொல்லு" என்றார் இவர்.

அப்படியே மாதங்கள் ஓடின. அண்ணி பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு மகள் வீட்டிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு, ஒரு கதை, நடுவில் என் தலை. "சத்தம் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லு." "ஃபேன் வேணுமான்னு கேளு." ஒரே சோபாவில் இடிக்க இடிக்க உட்கார்ந்துகொண்டு, அடுப்படியில் இருக்கிற என்னைக் கூப்பிட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். அண்ணன் மாதாமாதம் மெலிந்துகொண்டு வந்தார். உட்கார்ந்த பிறகும் தோள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஞாயிறு மாலை அவர் கிளம்பினால், பத்திரமாக மாடி ஏறிவிட்டார் என்று அண்ணி போனில் சொல்கிறவரை எனக்கு வேலை ஓடாது.

நாலாவது டிஸ்க் ஆரம்பித்தபோது திடீரென்று காவல் நிலையத்தில் ஒரு பெரிய நாய் படுத்துக் கிடந்தது. "இந்த நாய் எப்ப வந்துச்சுன்னு கேளு" என்றார் அண்ணன். "கதையில அப்படித்தான் வரும்னு சொல்லு" என்றார் இவர், டி.வி. பக்கம் திரும்பாமலே. அந்த டிஸ்க்கின் கடைசிக் கதையில் ஏட்டு செத்துப்போனார். துறைமுகத்தில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய்க் குண்டடிபட்டு விழுந்தார். இன்ஸ்பெக்டர் அவருடைய டீ டம்ளரை எடுத்து மேசைக்குள் வைத்துப் பூட்டினார். அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணில் தூசி என்று என்னிடம் சொன்னார். அன்றைக்குக் கையைக்கூடச் சரியாக அசைக்காமல் கிளம்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு இவர் ஐந்து என்று போட்டிருந்த டிஸ்க்கைப் போட்டார். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தொடரின் முகப்பு இசை முடிந்தது. கதவு திறக்கிற சத்தம். டீ டம்ளர் வைக்கிற சத்தம்.

"யோவ் மாப்ளே! இந்த ஆளுதான் செத்துட்டாரே!"

தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரம் என் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. நாலு வருஷமாகக் கேட்காத வார்த்தை. ஈரக் கையோடு ஓடிவந்து பார்த்தேன். அண்ணன் எழுந்து நின்று டி.வி.யை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். திரையில் ஏட்டு குத்துக்கல்லாக நின்றுகொண்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்து மேசைமேல் விடுகிறார்.

"அந்த நாய்! பாருய்யா, இப்பதான் குட்டியா வருது! போன மாசமே கன்னுக்குட்டி சைசுக்குப் படுத்துக் கெடந்துச்சே! கேட்டனா இல்லையா? கதையில அப்படித்தான் வரும்னு சொன்னீரே!"

இவர் திருதிருவென்று விழித்தார். எழுந்து போய்ப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மேல்தட்டில் உறைக்குள் இருந்த பெட்டியையும் இறக்கிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. சேகரிக்கிற சிநேகிதர் ஒருவர் வந்தபோது இரண்டையும் மேசையில் பரப்பிப் பெருமை பேசிவிட்டு, எடுத்துவைக்கும்போது உறைக்குள் மாற்றிப் போட்டிருக்கிறார். சரியான பெட்டி மேலே சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. தப்பான பெட்டிதான் இத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

"நாலும் அஞ்சும் மாறிப்போச்சு, மச்சான்" என்றார். "தப்பு என்னோடதுதான்."

"நீர் எத்தனை வாட்டி பாத்த கதை இது? ஏட்டு சாகறப்பகூடவா தெரியல? நான் ஒரு வாரமா சரியாச் சாப்பிடலய்யா!"

"நான் எங்க படத்தைப் பாத்தேன்? உங்களைத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

"என்னை எதுக்குய்யா பாக்கணும்?"

"மூச்சு" என்றார் இவர். "வாராவாரம் உங்க மூச்சுச் சத்தம் மாறிட்டே வருது. எனக்கு வேற எதுவும் காதுல விழல."

அண்ணன் நீட்டியிருந்த கையை இறக்கினார்.  இத்தனை நாள் இந்த மனிதரைச் செவிடு என்று திட்டிக்கொண்டிருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"அவ்வளவு அக்கறை இருக்கறவரு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பூட்டியிருக்கலாமே" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது, ஆனால் கோபம் போகவில்லை. "எல்லார் முன்னாலயும் என்னைக் கோமாளியாக்கிட்டுப் போனீரு. இன்னைக்கு மாதிரி அன்னைக்கும் தப்புன்னு ஒத்துக்கிட்டிருந்தா அதோட போயிருக்கும்."

"அன்னைக்கு நான் பண்ணது தப்பில்ல, மச்சான்." இவர் பெட்டியை மேசைமேல் வைத்தார். "சத்தம் வருதுன்னு சொன்னாங்களேன்னு மேல மெஷின் ரூமுக்குப் போனேன். ஓடும்போது கேட்டாத்தான் தெரியும்னு நிறுத்தாம விட்டு வெச்சிருந்தேன். கயிறு ஓடுது, ஒரு கயிறுல இழை பிரிஞ்சு முள்ளு முள்ளா நிக்குது. பக்கத்துக் கயிறும் நல்லால்ல. உள்ள யாருன்னு கத்தினேன். 'நான்தான் தம்பி'ன்னு அக்கா குரல் வந்துச்சு."

அண்ணன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அக்கா, அண்ணி.

"ஒண்ணு போனாலும் மிச்சக் கயிறு தாங்கும், பிரேக் பிடிக்கும். எனக்குத் தெரியும், அதானே என் தொழில். தெரிஞ்சும், அக்கா அஞ்சாவது மாடியில இறங்கிக் கதவைச் சாத்தற சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. அப்புறம் யாரைக் கேக்கணும், யாருக்குச் சொல்லணும்னு எதுவும் தோணல. நிறுத்தினேன், பூட்டினேன், வந்துட்டேன்."

"இத ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க? அதுவுமில்லாம, சொன்னா அக்கா காதுக்குப் போகும். பயந்துட்டு அப்புறம் லிஃப்ட்லயே ஏறமாட்டாங்க. அந்த முட்டி வலியோட அஞ்சு மாடி படியேறுவாங்களா?" இவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "படியேறப் போறது நீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இந்த இடத்தில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒருத்தருடைய முட்டியைக் காப்பாற்ற ஒருத்தர் வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் மூடியதால் இன்னொருத்தர் நெஞ்சு இற்றுக்கொண்டிருந்தது. இந்த இரண்டு ஆண்பிள்ளைகளையும் நிற்கவைத்து நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது. நாலு வருஷத்தில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எவராவது ஒருவர் கேட்டிருக்கக் கூடாதா?

அண்ணன் ரொம்ப நேரம் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய்க்குட்டி காவல் நிலையத்துக் கோப்புகளைக் கடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முதல்லேருந்து போடுய்யா. ஏட்டு வர்ற இடத்தைச் சரியாப் பாக்கல" என்றார். கோபத்தில் வந்த 'நீர்' போய்ப் பழைய உரிமை வந்துவிட்டது. நான் அடுப்படிக்குப் போய்ப் பாதி தேய்த்த பாத்திரத்தை மறுபடி முதலிலிருந்து தேய்த்தேன். உள்ளே கதை ஓடுகிற சத்தத்தைவிட இவர்கள் இரண்டு பேரின் சத்தம்தான் பெரிதாக இருந்தது. இன்ஸ்பெக்டர் பேசுவதற்கு இடம் கொடுக்கவே இல்லை.

மாலையில் அண்ணன் கிளம்பும்போது இவரும் செருப்பை மாட்டினார். நானும் கூடவே போனேன். அந்தக் கட்டடத்துக்குள் இவர் கால் வைத்து நாலு வருஷம். நுழைந்ததும் இடது பக்கம் படிக்கட்டு, எதிரே லிஃப்ட். அண்ணன் கால் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பியது. கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தும் விட்டார்.

இவர் லிஃப்ட்டின் பொத்தானை அழுத்தினார். கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அது இறங்கி வருகிற சத்தத்தைக் கேட்டார். கதவு திறந்தது.

"நல்லா இருக்கு. ஏறுங்க, மச்சான்."

"சத்தியம் பண்ணியிருக்கேனே" என்றார் அண்ணன், படியிலிருந்து காலை எடுக்காமல்.

"செத்துப்போன ஏட்டே எழுந்து டீ கொண்டுவந்துட்டாரு. நீங்க ஒரு சத்தியத்தை விடக் கூடாதா?"

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அடக்கப் பார்த்து இருமினார். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு வந்து உள்ளே ஏறி, மூலையில் நின்றுகொண்டார். நானும் இவரும் பின்னால் ஏறினோம். மேலே போகும்போது அண்ணன் ஒரு கையால் இவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பயத்தினாலா பாசத்தினாலா என்று நான் கேட்கவில்லை.

ஐந்தாவது மாடியில் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். வழக்கமாகச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டுத்தான் திறப்பாராம். நாங்கள் உட்காரக்கூட இல்லை, அதற்குள் அவரே அண்ணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வந்துட்டேன்" என்றார்.

அண்ணி நம்பவில்லை. "எங்க வந்தீங்க? மூச்சு வாங்கலையே. இன்னும் தங்கச்சி வீட்லதான் இருக்கீங்களா?"

"நம்ம வீட்லதான். மாப்பிள்ளையோட லிஃப்ட்ல வந்தேன்."

அந்தப் பக்கம் குழந்தையை யார் கையிலோ கொடுக்கிற சத்தம் கேட்டது, பிறகு தேம்பல் கேட்டது. அண்ணன் போனை இவர் கையில் கொடுத்துவிட்டு, டீ போடப் போகிறேன் என்று அடுப்படிப் பக்கம் நடந்தார். "அக்கா, அழாதீங்க அக்கா" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டேன்.